ராட்டினத்தை விட்டு இறங்காதவர்கள்

உ

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஆகஸ்டு 1983, திங்கட்கிழமை காலை

பினாங்கில் இருக்கும் மதிப்பிற்குரிய பெரியப்பச்சி காசிவிஸ்வநாதன் அவர்களுக்கு,

தங்கள் தம்பி மகள் நாச்சம்மை வணக்கத்துடன் எழுதுவது. இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதுவேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், யாருக்காகவும் எதையும் மறைக்கமாட்டேன். இங்கே எல்லாரும் சுகம். குதிரைகளுக்கு மட்டும் வால் இல்லை. அந்த விவரம் கீழே வருகிறது. தங்கள் முழங்கால் வலியும் பெரியாத்தாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறோம்.

தாங்கள் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்விதான். செமினியில் தங்கள் தம்பியாகிய என் அப்பச்சி வைத்திருக்கும் விலங்குப் பூங்காவுக்குள் கார்னிவல் பொருந்துமா, பொருந்தாதா? அந்த நிலத்தில் பாதி தங்களுடையது என்பதால், தாங்கள் வேண்டாம் என்றால் ராட்டினங்களை லோரியில் ஏற்றி, வந்த வழியே கிள்ளானுக்கு அனுப்பிவிடுவதாக அப்பச்சி வாக்குக் கொடுத்திருக்கிறார். “ஒங்க அப்பச்சி சொன்னா ஆடு யானையாயிரும், ஒங்க ஆத்தா சொன்னா யானை ஆடாயிரும். நீ பாத்து எழுது. அத வச்சு முடிவு பண்றேன்” என்று தாங்கள் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட பெருமை, பள்ளிக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியபோதுகூட ஏற்படவில்லை. அன்றே புதுப் பேனா வாங்கிக்கொண்டேன்.

முதலில் இரண்டு கட்சியையும் எழுதிவிடுகிறேன். மானையும் மயிலையும் பார்த்த பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று அழுகிறார்கள், ராட்டினம் இருந்தால் இருட்டும்வரை இருப்பார்கள், மறுபடியும் வருவார்கள் என்பது அப்பச்சி கட்சி. “மிருகத்தப் பாக்க வந்தவன் மிருகத்தப் பாக்கட்டும். சுத்தறதப் பாக்கணும்னா வீட்டுல ஃபேன் இருக்கு” என்பது ஆத்தா கட்சி. தாங்களும் ஆத்தா கட்சிதான் என்று ஆத்தா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதனால் அப்பச்சி மனம் வருந்தினாலும் வெளியே காட்டிக்கொள்வதில்லை. என்னிடம் மட்டும், “ஒனக்கு என்ன தோணுதோ அத எழுது நாச்சி. எனக்காகப் பாவம் பாக்காத” என்றார். தன் ஆசை போனாலும் போகட்டும், மகள் பொய் எழுதக்கூடாது என்று நினைக்கிற தகப்பனார் எத்தனை பேருக்குக் கிடைப்பார்கள்? என்னுடைய வகுப்பில் ஒருத்திக்கும் இல்லை. விசாரித்துவிட்டேன்.

கார்னிவல் கொண்டுவந்தவர் கிள்ளானைச் சேர்ந்த மாரிஸ் அங்கிள். அவருடைய தகப்பனார் ரயில்வேயில் இருந்தவர். அங்கிளுக்கு எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்கிற பழக்கம் உண்டு. டிக்கெட் கொடுப்பவர் அவருடைய மனைவி லூசி ஆன்டி. ஒரு பெரிய ராட்டினம், மரக்குதிரைகள் வைத்த ஒரு குடைராட்டினம், வளையம் வீசிப் பரிசு வாங்கும் கடை ஒன்று, சுற்றிலும் கலர் பல்புகள். இவ்வளவுதான் கார்னிவல். குதிரைகளுக்கு அங்கிளே புதுச் சாயம் அடித்து, சணலை வெளுத்துச் சீவிப் புது வால் கட்டியிருந்தார். மிகவும் அழகாக இருந்தன. இருந்தன என்று இறந்த காலத்தில் எழுதுவதைக் கவனிக்கவும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. எதைத் தொடங்கினாலும் பூஜை போடாமல் தொடங்குவது நம் வீட்டு வழக்கம் இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. ராட்டினத்துக்கும் பூஜை உண்டு என்று அப்பச்சி சொல்லிவிட்டார். வாசலில் குலையோடு வாழைமரம், கரும்பு, மாவிலைத் தோரணம். ஒவ்வொரு மரக்குதிரைக்கும் நெற்றியில் பொட்டு, கழுத்தில் செவ்வந்தி மாலை. இயந்திரத்துக்கு அறுகம்புல் மாலை. மாரிஸ் அங்கிள் வேதக்காரர் என்றாலும் தடுக்கவில்லை. போன வாரமே சர்ச் சாமியாரை அழைத்து வந்து தீர்த்தம் தெளித்துவிட்டாராம். “ரெண்டு பக்கமும் சொல்லி வச்சிட்டா நல்லதுதானே பாஸ்” என்றார். இதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இரண்டு பத்தியில் முடிந்திருக்கும். ஆனால் அப்பச்சிக்குக் கடைசி நேரத்தில் ஒரு யோசனை வந்தது. மரக்குதிரைக்கு மாலை போட்டுவிட்டு உயிருள்ள பிராணிகளைச் சும்மா விடலாமா, மாட்டுப் பொங்கலில் மாட்டுக்குச் செய்கிறோம் இல்லையா, நம் ஆடுகளும் குட்டைக்குதிரையும் ஆமையும் வந்து பொட்டு வைத்துக்கொள்ளட்டும் என்றார். அன்பினால் வந்த யோசனை என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

“ஆட்டுக்கு மாலை போடுறீங்களா?” என்று ஆத்தா கேட்டார்.

“ஏன், ஆடுன்னா கேவலமா?” என்றார் அப்பச்சி.

“கேவலம் இல்ல. பசி.”

இதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். ஆடுகள் ஊர்வலமாக வந்தன. முன்னால் கொம்பன் என்ற பெரிய கிடாய். ஆமையைத் தாம்பாளத்தில் வைத்து என் அண்ணன் மாணிக்கம் தூக்கி வந்தான். குருக்கள் குடைராட்டினத்தின் மேடையிலேயே நின்று மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாரும் பக்தியாகக் கண்ணை மூடியிருந்தோம். திறந்து பார்த்தபோது ஒரு ஆட்டின் மாலை இன்னொரு ஆட்டின் வாயில் இருந்தது. அந்த ஆட்டின் மாலை மூன்றாவது ஆட்டின் வாயில் இருந்தது. ஆமையின் மாலையைக் காணவில்லை. அது முடிந்ததும் கொம்பன் நிமிர்ந்து, மரக்குதிரைகளின் கழுத்தில் செவ்வந்தி இருப்பதைப் பார்த்தது. ஒரே தாவலில் மேடையில் ஏறிவிட்டது. கொம்பன் போனால் மற்றவையும் போகும். குட்டைக்குதிரை மட்டும் வாசலுக்குப் போய் வாழைக்குலையைத் தின்றது.

மாரிஸ் அங்கிள் சுவிட்சில் கை வைத்தபடி, “பாஸ், ஆடுங்க மேல ஏறிருச்சு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அப்பச்சி கடிகாரத்தைப் பார்த்தார். “நேரம் போயிரும் மாரிஸ், போடு. ஆடு தானா எறங்கிரும்.”

“ஐயரும் மேலதான் இருக்காரு.”

“அவரும் எறங்கிருவாரு. போடுய்யா.”

அங்கிள் சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டார். பல்புகள் எரிந்தன, பாட்டு ஆரம்பித்தது, குடைராட்டினம் சுற்றியது. ஆடும் இறங்கவில்லை, குருக்களும் இறங்கவில்லை. குருக்களைப் பற்றி நான் மிகவும் பெருமையாக எழுத விரும்புகிறேன். ஒரு கையால் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கற்பூரத் தட்டை ஏந்தி, மந்திரத்தை ஒரு வார்த்தையும் விடாமல் சொல்லியபடி அவர் சுற்றி வந்தார். தட்டு எதிரே வரும்போது அங்கே நின்றவர்கள் எட்டி ஒற்றிக்கொண்டார்கள். எட்டாதவர்கள் அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தார்கள். ஆத்தா மட்டும் கூடவே ஓடி ஒற்றிக்கொண்டார். கற்பூரம் காத்திருக்காது என்பது அவர் கருத்து. ஆடுகளோ கால்களை அகல ஊன்றிக்கொண்டு செவ்வந்தியை மென்றபடி, தேரில் போகிறவர்களைப் போல எங்களைப் பார்த்துக்கொண்டே போயின. வந்திருந்த கூட்டம் இதுதான் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டியது. ஒரு மலாய்க்கார அம்மா சிரித்துச் சிரித்துக் கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

ராட்டினத்தை நிறுத்தினோம். குருக்கள் இறங்கி, கொஞ்ச தூரம் வளைந்தே நடந்து, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டார். ஆடுகள் இறங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே ஒன்றாகக் கத்தின. ஓட்டினால் அமைதி, நிறுத்தினால் கூச்சல்.

“பாத்தியா அழகு, எவ்வளவு சந்தோஷமா இருக்குதுங்க” என்று ஆத்தாவைப் பெயர் சொல்லிக் கேட்டார் அப்பச்சி.

“தல சுத்துது. அதுக்குப் பேரு சந்தோஷம் இல்ல” என்றார் ஆத்தா.

அதற்குப் பிறகு பிள்ளைகள் யாரும் வெறும் ராட்டினத்தில் ஏறச் சம்மதிக்கவில்லை, ஆட்டோடுதான் ஏறுவோம் என்று வரிசையில் நின்றார்கள். வரிசை மான் கூண்டுவரை நீண்டது, ஆனால் மான் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றவர்கள்கூட மானுக்கு முதுகைக் காட்டி ராட்டினத்தைத்தான் பார்த்தார்கள், மயில் தோகை விரித்து ஆடியபோது பார்த்தது நான் ஒருத்திதான், அதுவும் கடமைக்காக, இதற்கிடையில் வளையக் கடையில் பெரிய சத்தம் கேட்க ஓடிப் போய்ப் பார்த்தால், தாம்பாளத்திலிருந்து இறங்கிய ஆமை பரிசுப் பொருள்களுக்கு நடுவே போய் உட்கார்ந்திருக்கிறது, காஜாங்கிலிருந்து வந்த தம்புசாமி என்பவர் வீசிய வளையம் அதன் மேல் அழகாக விழுந்திருக்கிறது, அவர் ஆமையைக் கொடு என்கிறார்.

“அது பரிசு இல்ல அங்கிள், எங்க ஆமை” என்றான் மாணிக்கம் அண்ணன்.

“போர்டுல என்ன போட்டிருக்கு தம்பி? எதுல வளையம் விழுதோ அது ஒங்களுக்கு. ஆமைக்குக் கெடையாதுன்னு போட்டிருக்கா? நீயே படி லா.”

அப்படிப் போடவில்லை என்பது உண்மை. நானும் படித்தேன். கடைசியில் பெரிய கரடி பொம்மை ஒன்றைக் கொடுத்து, ஆமையை எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று அப்பச்சி சொன்னதும் அவர் சமாதானமானார். “ஒழுங்கா பாத்துக்குங்க பாஸ், அது என்னோடது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோதுதான் பெரிய நஷ்டம் தெரிந்தது. செவ்வந்தி தீர்ந்ததும் ஆடுகள் சணலுக்கு மாறிவிட்டிருந்தன. ஒரு குதிரைக்கும் வால் இல்லை. இருட்டியும் ஆடுகள் இறங்கவில்லை. இழுத்தார்கள், தள்ளினார்கள், வாழைப்பழம் காட்டினார்கள். கடைசியில் மாரிஸ் அங்கிள் பாட்டை நிறுத்தி விளக்கை அணைத்தார். உடனே ஒவ்வொன்றாக இறங்கித் தாமாகப் பட்டிக்குப் போய்விட்டன. அங்கிள் டார்ச் அடித்துத் தன் குதிரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“நீங்க ஒங்க அண்ணன கேட்டீங்க, என்னைக் கேக்கல பாஸ்” என்றார். “கார்னிவல் இந்தப் பூங்காவுக்குப் பொருந்துமா பொருந்தாதான்னு ஆளாளுக்குப் பேசுறீங்க. பூங்கா என் கார்னிவலுக்குப் பொருந்தல. கிள்ளான்ல புள்ளைங்க கத்தும், அழும், வாந்திகூட எடுக்கும். வாலத் திங்காது.” புதன்கிழமை லோரி வருகிறது என்று சொல்லிவிட்டார். லூசி ஆன்டி டிக்கெட் பெட்டியைப் பூட்டிக்கொண்டு அழுதார்.

ஆகவே, பெரியப்பச்சி, என் முடிவு இது. கார்னிவலால் நம் பிராணிகளுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் மானுக்கும் மயிலுக்கும் மரியாதை போயிற்று, குதிரைகளுக்கு வால் போயிற்று. விலங்குப் பூங்காவுக்குள் கார்னிவல் பொருந்தாது. தாங்களும் ஆத்தாவும் நினைத்ததே சரி. இந்த வரியை நான் எழுதும்போது அப்பச்சி எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். நான் கடிதத்தை ஆரம்பித்தபோது படித்த அதே பக்கத்தைத்தான் இன்னும் படிக்கிறார். என்ன எழுதினாய் என்று ஒரு முறையும் கேட்கவில்லை. அவருடைய மகளாகப் பிறந்ததற்கு எனக்கு மிகவும் பெருமை, ஆனால் கை வலிப்பது போல் இருக்கிறது.

பத்துமலை முருகன் தங்களுக்கும் பெரியாத்தாவுக்கும் படி ஏற வலுவான முழங்கால்களைக் கொடுக்கட்டும். தங்கள் பாதங்களுக்கு எங்கள் எல்லாருடைய வணக்கங்களும்.

இப்படிக்கு,
உண்மையை மட்டும் எழுதிய
முத்து. நாச்சம்மை

பி.கு.: இப்போது திங்கட்கிழமை மாலை. ஒட்டிய உறையைப் பிரித்து, இதைச் செமினியில் லூசி ஆன்டியின் டிக்கெட் கூண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் உறையை ஒட்டிய பிறகு ஆத்தா பீரோவைத் திறந்து, கல்யாணத்துக்கு வைத்த நீளச் சவுரி உட்பட, தன்னுடைய சவுரிகள் அத்தனையையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, “கெளம்பு. நம்ம ஆடு தின்ன வாலுக்கு நாமதான் பதில் சொல்லணும். மொட்டைக் குதிரையோட ஒருத்தர அனுப்பி வச்சா கிள்ளான்ல நம்ம வீட்டப் பத்தி என்ன பேசுவாங்க” என்றார். ஒவ்வொரு குதிரைக்கும் சவுரியைப் பின்னித் தைத்து வால் கட்டினார். இவ்வளவு நல்ல வால் இந்த நாட்டில் எந்த மரக்குதிரைக்கும் இருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். மாரிஸ் அங்கிள் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஆச்சி, இது நெஜ முடி” என்றார்.

ஓடும்போது வால் எப்படி ஆடுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்காக, அதற்காக மட்டுமே, ஆத்தா கல்யாணச் சவுரி வைத்த குதிரையில் ஏறி உட்கார்ந்தார். பாட்டைக் கேட்டதும் ஆடுகள் பட்டியைத் தாண்டி வந்து ஏறிக்கொண்டன. முடியை அவை தின்னவில்லை. ஆத்தா, “இன்னொரு சுத்து போடு மாரிஸ், சரியா தெரியல” என்றார். அப்போதிலிருந்து சரியாகத் தெரியவே இல்லை. நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, “இத எழுதாதடி” என்று ஒவ்வொரு சுற்றிலும் சொல்லிக்கொண்டே போகிறார். முதல் வரியில் வாக்குக் கொடுத்துவிட்டேன், வேறு வழியில்லை. நடுவில் அப்பச்சியிடம், “இந்த ராட்டினத்தத் தூக்கி மான் கூண்டுக்கு எதுர வைங்க. சுத்துறவங்க ஒவ்வொரு சுத்துக்கும் மானப் பாக்கட்டும், மான் நம்மளப் பாக்கட்டும்” என்று கட்டளை போட்டார். மாரிஸ் அங்கிள் லோரிக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பச்சி குதிரையோடு குதிரையாகப் பக்கத்தில் நடந்து, “எழுதிக்கவா அழகு, நீயே சொன்னதா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை அகலமாக அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆகவே மேலே உள்ள என் முடிவைத் தாங்கள் அடித்துவிட வேண்டுகிறேன். தங்கள் பதில் அவசியமில்லை என்று ஆத்தா மேலிருந்து சொல்கிறார். ஆனாலும் மரியாதைக்கு எழுதுங்கள்.

பூங்கா மூடும் நேரம் ஆகிவிட்டது. அப்பச்சி கூப்பிட்டுப் பார்த்தார். ஆடுகள் இறங்கவில்லை. ஆத்தாவும் இறங்கவில்லை. மாரிஸ் அங்கிள் என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன், அவர் நேற்று செய்ததையே செய்தார். விளக்குகள் அணைக்கப்பட்டன.