வாய்க்கால் எலி ஆராய்ச்சி

இனிமேல் இயற்கையை ஆராய்வது என்று அப்துல் ரவூப் முடிவு செய்தார். டாக்டர் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று சொன்ன மறுநாள் பிறந்த ஞானம் அது. இன்சீன் பேட்டையில் அவர் வீட்டுக்குப் பின்னால், கஜூன் கீரை மண்டிய வாய்க்காலில் எலிகள் நீந்தித் திரியும். தினமும் காலையில் தொலைநோக்கியோடு கிளம்பினார்.

எலி நிஜம். ஆராய்ச்சியும் நிஜம்தான், பத்து நிமிஷத்துக்கு. அப்புறம் அரைமணி நேரம் முக்குக் கடையில் பால் டீ, எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பலகாரமான ஈச்சாக்கொய்.

"ஜைனபு! இன்னைக்கு ஆறு வளை பார்த்தேன்!"

"கண்ணாடியா, தங்கமா?" என்றாள் மனைவி.

"எலி வளை! வாசல்ல கீரைத் தண்டைச் சாய்வாக் கடிச்சுக் குவிச்சிருக்கு. சேத்துல கால் தடம், பக்கத்துல புழுக்கை. எலியைப் பார்க்கவே வேணாம். எங்க போச்சு, என்ன தின்னுச்சு, எல்லாம் தெரிஞ்சிடும்."

"அப்படியா!"

முப்பது வருஷத்தில் அவர் பேச்சை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. ரவூப் பூரித்துப்போனார்.

நாலாம் நாள் திரும்பியவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"செருப்புல செம்மண். வாய்க்கால் கரை கருப்பாச்சே? செம்மண் கொட்டினது டீக்கடை முன்னாடிதான்."

"அது... சுத்தி வந்தேன்."

"மீசையில துகள். லுங்கியில மூணு விரல் எண்ணெய்த் தடம். எத்தனை ஈச்சாக்கொய்?"

"ரெண்டரை," என்றார் ரவூப் தரையைப் பார்த்து. "பாதியை மீனுக்குப் போட்டேன்."

ஜைனப் கத்தவில்லை. "நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள். அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் இருவரும் கரையில் உட்கார்ந்தார்கள். நீரைக் கிழித்துக்கொண்டு ஒரு எலி வந்தது. சேற்றில் ஏறி, கீரைத் தண்டை இரண்டு கையாலும் பிடித்து, கரும்பு கடிப்பதுபோல் நறுக் நறுக்கென்று தின்றது.

"யா அல்லாஹ், என்ன அழகு!" ஜைனப் தொலைநோக்கியைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்து ரவூபுக்கும் மனசு நிறைந்தது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. சத்தமில்லாமல் எழுந்து நாலடி வைத்தார்.

"போயிட்டு வாங்க," என்றாள் ஜைனப், எலியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களுக்கு வெறும் தேயிலைத் தண்ணிதான்னு கடையில நேத்தே சொல்லிட்டேன். எனக்கு ஒரு பால் டீ வாங்கிட்டு வாங்க."

வாங்கி வந்தார். வழியெல்லாம் வாசனை மட்டும் பிடித்துக்கொண்டு.