யாருட மையத்துக்கு?

எனக்கு வழி தெரியாது. இந்த மூன்று சொல்லையும் சேர்த்துச் சொல்ல எனக்கு ஒரு ஆயுள் பிடித்தது. இருபது வயதில் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், இதை எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது. இப்போது யார் கேட்டாலும் கூசாமல் சொல்லிவிடுகிறேன். எஹலியகொடைக்குப் புதிதாக வந்தவர் பள்ளிவாசலுக்கு வழி கேட்டால்கூட எதிர்க்கடையைக் காட்டி, அங்கே விசாரியுங்கள் என்கிறேன். (பள்ளிவாசல் எங்கள் கடைக்குப் பின்னால்தான் இருக்கிறது.)

அந்த வயதில் நான் வேறு ஆள். வாப்பா கடைக்கென்று ஒரு சைக்கிள் வாங்கியிருந்தார். துருக்கித் தொப்பியின் குஞ்சம் காற்றில் பறக்க, பஜாரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் காரணமில்லாமல் போய்வருவதுதான் எனக்குத் தொழில். தோட்டத்து ரோடெல்லாம் தலைகீழாகத் தெரியும் என்று எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தேன். வாப்பாவோடு தோட்டங்களுக்குத் துணி விற்கப் போனவன்தான், பொய்யில்லை. ஆனால் மாட்டு வண்டியில் துணி மூட்டைமேல் படுத்துத் தூங்கிக்கொண்டே போய், தூங்கிக்கொண்டே திரும்பி வந்தவன்.

இந்த அளப்புகளையெல்லாம் பொறுமையாகக் கேட்பவன் மாரிமுத்து. எங்கள் கடையில் துணி அளந்துகொண்டிருந்தான். என் வயதுதான். அவனுடைய அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மகனும் பால்வெட்டுக் கத்தியை எடுக்கவேண்டும் என்று அவர் நிற்க, இவன் மாட்டேன் என்று கடைக்கு வந்துவிட்டான். அதிலிருந்து இரண்டு வருடம் அவர் இவனோடு பேசவில்லை. அந்த வருடம்தான், தோட்டத்துத் தபால்காரரிடம் "தீவாளிக்கு வரச்சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாரிமுத்து அன்றைக்கே ஒரு வெள்ளை வேட்டி எடுத்து, காகிதத்தில் சுற்றி, தலைமாட்டில் வைத்துக்கொண்டான். தினமும் அதைப் பிரித்துப் பார்ப்பான், மறுபடியும் சுற்றி வைப்பான்.

தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு காலை, அதே தபால்காரர் கடைப்படியில் வந்து நின்றார்.

"மாரிமுத்து, மனச தேத்திக்கப்பா. ஒங்கப்பா ராத்திரி போயிட்டாரு. ரெண்டு நாளு காய்ச்சல்தான். மூணு மணிக்கு எடுக்குறோம். தொர அர நாளுதான் லீவு குடுத்திருக்காரு, அதுக்குமேல வச்சிருக்க முடியாது. நீதான மூத்தவன், சொணங்காம வந்துரு."

மாரிமுத்து அழவில்லை. உள்ளே போய் அந்தக் காகிதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தான். பிரிந்துபோன அப்பாவின் முகத்தை ஒரு தடவை பார்க்கவேண்டும், மூன்று பிடி மண் போடவேண்டும். அவனுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. வாப்பா சைக்கிளை என்னிடம் தந்து, "பெரிய ரோட்டால போ" என்று மட்டும் சொன்னார்.

பெரிய ரோட்டில் பன்னிரண்டு மைல். அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தால் பன்னிரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்திருப்போம். நாலு மைல் போனதும் ஒரு தோட்டத்து ரோடு இடப்பக்கம் பிரிந்தது. நான் பிரேக் பிடித்தேன்.

"மாரிமுத்து, இந்தப் பக்கத்தால போனா பாதித் தூரம் மிச்சம்டா."

"எனக்குப் பெரிய ரோடுதான் தெரியும் காசிம்."

"எனக்குத் தெரீம்டா! நான் எத்தின தரம் போயீக்கிறேன்!"

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான். அவனுக்கு நேரம் மிச்சம் பண்ணிக் கொடுக்கவேண்டும் என்ற ஆசைதான் எனக்கு, சத்தியமாக. கூடவே, அவனுடைய தோட்டத்து ஆட்களுக்கு முன்னால் குறுக்குப் பாதை தெரிந்த கெட்டிக்காரனாகப் போய் இறங்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. சாவு வீட்டுக்குப் போகும்போதும் பெருமை விடவில்லை பாருங்கள்.

ரப்பர் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலை தெரியாது, வானம் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை வரிசையாக ஒரே மரம், ஒவ்வொரு மரத்திலும் ஒரு சிரட்டை. நான் அடையாளத்துக்கு ஓர் உடைந்த சிரட்டையைப் பார்த்து வைத்துக்கொண்டேன். (அதற்குப் பிறகு முப்பது உடைந்த சிரட்டைகளைப் பார்த்தேன்.) ரோடு ஒற்றையடிப் பாதையாகி, பாதை மழைத்தண்ணீர் ஓடுகிற கானாகி, கானும் ஓர் இடத்தில் முடிந்துபோனது. சங்கிலி கழன்றது. சைக்கிள் எங்களைச் சுமந்தது போய், நாங்கள் சைக்கிளைச் சுமந்தோம். அட்டைகளுக்கு அன்றைக்கு விருந்து.

எதிரே வந்த சிங்களவர்களிடமெல்லாம் தோட்டத்தின் பேரைச் சொல்லிக் கேட்டேன். ஒருவர் கிழக்கே காட்டி "லங்காய்" என்றார். கிட்டத்தான் என்று அர்த்தம். அடுத்தவர் மேற்கே காட்டி "லங்காய்" என்றார். விறகுக் கட்டோடு வந்த ஒரு பெண்பிள்ளை, நாங்கள் வந்த வழியையே காட்டி "லங்காய்" என்றாள். ஒவ்வொரு தடவையும் மாரிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நடந்தான். என்னைத் திட்டியிருந்தாலும் தேவலை. "மணி என்னா இருக்கும்?" என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இந்தா வந்துட்டுது" என்றுதான் சொன்னேன்.

அப்போது பறைச் சத்தம் கேட்டது. சாவுக்கு அடிக்கிற அடி.

"அப்பாவுக்கு அடிக்கிறாங்க" என்று மாரிமுத்து ஓட ஆரம்பித்தான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் பொங்கியது. "பாத்தியா, நான் சொல்லல்லயா?" என்று கத்திக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன். சைக்கிளை ஏதோ ஒரு மரத்தில் சாத்தினேன். அந்த மாதம் காய்ச்சல் மாதம், சாவு விழாத தோட்டமே இல்லை. கடையில் உட்கார்ந்து தினமும் சாவுச் செய்தி கேட்டவன் நான். அது என் மரமண்டையில் உறைக்கவில்லை.

நாங்கள் போய் விழுந்தது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற ஒரு லயத்தின் பின்பக்கம். லயம் என்றால் எல்லாம் ஒன்றுதான், வரிசையாகப் பத்துக் காம்பரா, தகரக் கூரை. கண்ணீரோடு ஓடுகிறவனுக்கு எது யாருடையது என்று எப்படித் தெரியும்? பெண்கள் எங்களைக் கண்டதும் பெருங்குரல் எடுத்தார்கள். "வந்துட்டியா ராசா! ஒன்னையத்தானே கடேசி வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தாரு!" மாரிமுத்து நேரே போய்ப் பிணத்தின் காலில் விழுந்தான். வேட்டியைப் பிரித்து அந்தக் கால்கள்மேல் போர்த்தினான். "தீவாளிக்கு வர்றேன்னு சொன்னேனே அப்பா, பத்து நாளு பொறுக்க மாட்டியா" என்று அவன் அழுத அழுகையில் எனக்கும் அடக்க முடியவில்லை. ஒரு பாட்டியம்மா தொப்பியோடு சேர்த்து என் தலையை மாரில் அணைத்துக்கொண்டாள். நான் அவளைவிடச் சத்தமாக அழுதேன்.

திடீரென்று மாரிமுத்துவின் சத்தம் நின்றது. அவன் வேட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தான். மம்பட்டி பட்டு அவனுடைய அப்பாவுக்கு ஒரு பெருவிரல் இல்லை. இந்தக் கால்களில் பத்து விரலும் இருந்தன.

மெல்ல நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். பெரிய நரைத்த மீசை.

"காசிம்" என்றான் மெதுவாக. "இது எங்கப்பா இல்ல."

அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. "அழுறத நிப்பாட்டாதடா, எல்லாரும் பாக்குறாங்க!"

மாரிமுத்து எழுந்து, தலைமாட்டில் நின்ற அந்தத் தோட்டத்துக் கங்காணியைக் கும்பிட்டான். "மன்னிச்சுக்கங்க. நான் இவரு மகன் இல்லீங்க. எங்கப்பா வேற தோட்டம். வழி தெரியாம வந்துட்டோம்." பெண்களின் ஒப்பாரி ஒவ்வொன்றாக அடங்கியது. கங்காணி கோபப்படவில்லை. செத்தவர் பழனியாண்டி, ஒண்டி ஆள். கடலுக்கு அந்தப் பக்கம் ஊரில் கைப்பிள்ளையாக விட்டுவந்த மகன் ஒருநாள் கப்பல் ஏறி வருவான் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"ஒங்க தோட்டம் ஆத்துக்கு அந்தாண்ட தம்பி" என்றார் கங்காணி, தோட்டத்தின் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு. "இந்த மேட்ட ஏறி எறங்குனா பாலம். மூணு மைலுக்குக் கொறையாது. ஓடுங்க."

"வேட்டிய எடுத்துக்கடா" என்று கிசுகிசுத்தேன்.

"போத்துனத எடுக்கக் கூடாது" என்றான். ஓடினோம்.

மேட்டின் உச்சியில் ஒரு பாறை. அன்றைக்கு முதல்தடவையாக வானம் தெரிந்தது. கீழே ஆறு, அதற்கு அப்பால் தகரக் கூரைகள். அவனுடைய தோட்டம். அங்கேயும் பறை அடித்துக்கொண்டிருந்தது, சன்னமாக. மாரிமுத்து மூச்சு வாங்க நின்று கேட்டான். அடி வேகமானது. பிறகு நின்றுபோனது.

"குழிக்குள்ள எறக்கிட்டாங்க" என்றான்.

நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். "மாரிமுத்து, என்ன அடிடா. அடிச்சுக் கொல்லுடா."

"ஒன்னைய அடிச்சா மண்ணு போட முடியுமா?" என்றான். பிறகு பழனியாண்டியின் லயம் இருந்த பக்கம் திரும்பினான். "அந்த ஆளுக்கும் மகன் வரலேல்ல?" என்று கேட்டுவிட்டு, வந்த வழியே இறங்க ஆரம்பித்தான்.

நாங்கள் போனபோது பழனியாண்டியைக் குழிக்குள் இறக்கியிருந்தார்கள். மண்ணை எடுக்கக் குனிந்த கங்காணி எங்களைக் கண்டு கையை உதறிவிட்டு ஒதுங்கி நின்றார். மாரிமுத்து மூன்று பிடி மண் போட்டான். ஒவ்வொரு பிடிக்கும் "அப்பா" என்றான். மூன்று பிடி மண் எங்களிலும் உண்டு. அழுதுகொண்டே நானும் போட்டேன்.

பிறகு சைக்கிளைத் தேடினால் கிடைக்கவில்லை. எந்த மரம் என்று யாருக்குத் தெரியும்? (ஒரு வாரம் கழித்துக் கங்காணி கண்டெடுத்து அனுப்பினார். சீட்டுக்கு அடியில் குளவி கூடு கட்டியிருந்தது.) நடந்தே பாலத்தைக் கடந்து அவனுடைய வீட்டுக்குப் போனோம். அவனுடைய அம்மா மகனைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "கடேசி வரைக்கும் மொகத்த மூடலடா. நீ வருவன்னு பெரிய ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தோம்." நான் வாசலுக்கு வெளியே நின்றேன். உள்ளே போக எனக்கு முகமில்லை.

அடுத்த வருடத்திலிருந்து மாரிமுத்து தெவசத்தன்று இரண்டு இலை போடுகிறான். கங்காணியிடம் போய், பழனியாண்டிக்குச் சுருட்டென்றால் உயிர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். இரண்டாவது இலைக்கு ஒரு சுருட்டு. அவனுடைய பிள்ளைகள் ஊரெல்லாம் சொல்கிறார்கள்: "எங்க அப்பாவுக்கு ரெண்டு அப்பா. ஒருத்தரு பெத்தவரு, இன்னொருத்தரு காசிம் மாமா தேடிக் குடுத்தவரு." என் வீட்டில் கேட்கவே வேண்டாம். பெருநாளைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பும்போது நான் ஒரு குறுக்குப் பாதையைக் காட்டினால் போதும், என் மனைவி பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் கேட்பாள்: "யாருட மையத்துக்கு?" (மையத்து என்றால் எங்கள் பேச்சில் சாவு.) எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மாரிமுத்து இருந்தால் அவனும் சிரிப்பான்.

போன தெவசத்தன்று இலையை நறுக்கிக்கொண்டே அவன் கேட்டான், இத்தனை வருடத்தில் முதல்தடவையாக. "பெரிய ரோட்டுலயே போயிருந்தா அப்பா மொகத்த பாத்திருப்பேன், இல்ல?"

"பாத்தீப்பாய்" என்றேன். "எனக்கு வழி தெரியாதுடா. அண்டைக்கும் தெரியாது."

"அது எனக்கு அந்த முக்குலயே தெரியும்."

கத்தி அவன் கையில்தான் இருந்தது. "பொறகு ஏன்டா என்னோட வந்தாய்?"

அவன் இலையைத் துடைத்து நேராக விரித்தான். "போய்ச் சேந்தாதான செத்தவரு? சுத்திக்கிட்டு இருந்த வரைக்கும் உசுரோட இருக்குற மாதிரியே இருந்துச்சு காசிம்."

உண்மையைச் சொன்னானா, என் பாரத்தை இறக்கத்தான் சொன்னானா, எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு சாக்கு வேண்டியிருந்தது. இரண்டாவது இலைக்குச் சுருட்டு வாங்க மறந்தது ஞாபகம் வர, எழுந்து செருப்பை மாட்டினேன்.

"காசிம்" என்று கூப்பிட்டான் மாரிமுத்து. "பெரிய ரோட்டால போ."

வீடே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே பெரிய ரோட்டால் போய் வாங்கி வந்தேன்.