கிரிக்கெட் மெட்ச்சின் மேல் விழுந்த கட்டைகள்

பூஸ்டரை டீவி கேமுக்குப் பூட்டினால் என்ன என்ற யோசனை, ஒரு சனிக்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது உதித்தது. எனக்குப் பெரிய யோசனைகள் எல்லாம் வாயில் நுரையோடுதான் வரும். (அதனால் உடனே யாரிடமும் சொல்ல முடியாது. சொல்லாததால் யாரும் தடுக்கவும் முடியாது.)

அப்போது நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். பௌதிகவியலில் எப்படியும் ஏ வரும் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்த காலம். வீட்டில் எந்தச் சாமான் பழுதானாலும் "நான் பார்க்கிறேன்" என்று முதலில் குதிப்பது நான்தான். நான் பார்த்த பிறகு அது கடைக்குத்தான் போகும் என்பது வேறு விஷயம்.

நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு குறுகலான ஒழுங்கையில் மேல்மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழ்மாடியில் வீட்டுக்காரர் ஏக்கநாயக்க மாத்தயா, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். (மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா.) அந்த வீடு எங்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. கலவரத்தில் ஒரு வீடு எரிந்து, அடுத்த வீட்டில் "தமிழ் ஆட்களுக்கு இனிக் கொடுக்கிறதில்லை" என்று சொல்லப்பட்டு, அதற்கடுத்த வீட்டில் அதையும் சொல்லாமல் தண்ணீர் மட்டும் நிறுத்தப்பட்டு, கடைசியில் இவரிடம் வந்து சேர்ந்திருந்தோம். ஒழுங்கையில் சிலர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் சாவியைக் கொடுத்தவர் அவர். ஒரேயொரு நிபந்தனைதான் போட்டார்: பொலிஸ் வாசலுக்கு வருகிற மாதிரி ஒரு கரைச்சலும் இருக்கக் கூடாது. தேயிலைக் கம்பனியொன்றில் கிளார்க்காக இருந்த எங்கள் அப்பா, அருளப்பன், அதை இரவு செபத்தின் கடைசி மன்றாட்டாகவே சேர்த்துவிட்டார்.

டீவி கேம், குவைத்தில் ட்ரைவராக இருந்த சின்ன மாமா கொண்டுவந்தது. ஒரு மஞ்சள் கசெட், அதன் மேல் ஆயிரம் விளையாட்டு என்று ஒட்டியிருக்கும். போட்டுப் பார்த்தால் ஏழெட்டு விளையாட்டுதான். அவையே வேறு வேறு பெயரில் ஆயிரம் வரைக்கும் வரிசையாக நிற்கும். யுத்தத் தாங்கி ஓட்டுவது, ஆகாயக் கப்பலைச் சுடுவது, குதித்துக் குதித்துக் காளான் மேல் ஏறுவது எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன். என்னை வீழ்த்தியது மேலிருந்து கட்டைகள் விழும் விளையாட்டு. விழும் கட்டையைத் திருப்பி, இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் மறைந்துவிடும். நிரம்பாவிட்டால் குவிந்து குவிந்து கூரையை முட்டி, ஆட்டம் முடிந்துவிடும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? இந்தப் பழைய விளையாட்டுகள் ஏன் உலகத்தையே பிடித்து ஆட்டின என்பது பற்றி எனக்கொரு சித்தாந்தம் உண்டு. நல்ல படமோ நல்ல பாட்டோ அதில் இல்லை. விதியை அரை நிமிடத்தில் யாரும் சொல்லித்தராமலே பிடித்துக்கொள்ளலாம். அதற்கு மொழி தேவையில்லை, அடையாள அட்டை தேவையில்லை. தோற்றால் அது முழுக்க முழுக்க உன் பிழை. எங்கள் நாட்களில் மற்றதெல்லாம் வெளியே இருந்து வந்து நின்றது. மின்சாரம் நிற்கும், பஸ் நிற்கும், பள்ளிக்கூடம் நிற்கும், யாரைக் கேட்பது என்றே தெரியாது. இந்த ஒன்றுதான் நான் பிழைவிட்டால் மட்டும் நின்றது. அதனால்தான் "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று கை போனது. (அம்மாவின் சித்தாந்தம் வேறு: "வேல வெட்டி இல்லாததுக்கு வெரலாச்சும் ஆடுது.")

பிரச்சினை என்னவென்றால், படம் தெளிவில்லை. மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஊர் என்பதால் கண்டியில் டீவிப் படமே பனியில் நனைந்துதான் வரும். அதனால் கூரை மேல் நீண்ட பைப் நட்டு, அதன் உச்சியில் அன்டெனா கட்டி, டீவிக்குப் பக்கத்தில் பூஸ்டர் என்றொரு சின்னப் பெட்டி வைப்பார்கள். பலவீனமாக வரும் படத்தை அது பலமாக்கும். நுரையோடு எனக்கு வந்த யோசனை இதுதான்: டீவிப் படத்தைத் தெளிவாக்கும் பூஸ்டர், டீவி கேம் படத்தை ஏன் தெளிவாக்காது?

மத்தியானம் வேலையில் இறங்கினேன். கேமிலிருந்து வரும் வயரைப் பூஸ்டருக்குள் விட்டேன். பூஸ்டரிலிருந்து வரும் வயரை டீவிக்குக் கொடுத்தேன். இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று ஒரு சாதாரண மனுஷி. ஆனால் இரவில் அப்பா செய்தி பார்க்கும்போது வயரைக் கழற்றி மாட்ட வேண்டுமே என்று அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. கூரை அன்டெனாவிலிருந்து வரும் வயரையும் அதே இடத்தில் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றிவிட்டேன். கழற்றவும் வேண்டாம், மாட்டவும் வேண்டாம். இந்தச் சின்ன விஷயம் ஏன் ஒரு கம்பனிக்காரனுக்கும் தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டேன்.

அப்பா வந்து பார்த்தார்.

"என்ன புள்ள பண்ற?"

"கேமுக்கு பூஸ்டர் போடுறேன்ப்பா."

"கரைச்சல் ஒண்ணும் வராதே?"

"பிசிக்ஸ்ப்பா. பிசிக்ஸ்ல கரைச்சல் வராது."

படம் வந்தது பாருங்கள்! கட்டைகளின் ஓரங்களைத் தொட்டால் விரல் வெட்டிவிடும் போல அவ்வளவு கூர்மை. நான் கதவைச் சாத்திக்கொண்டு பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

அதே நேரம் கீழே, என் பாய்க்கு நேர் கீழே, ஏக்கநாயக்க மாத்தயாவின் ஹோலில் ஒழுங்கையில் பாதிப்பேர் கூடியிருந்தார்கள். இலங்கை மெட்ச். ஒழுங்கையிலேயே பெரிய கலர் டீவி அவருடையது. கதிரைகள் போதாமல் ஆட்கள் ஜன்னல் திண்டிலும் இருந்தார்கள். கடைசி ஓவர்கள். நம்முடைய ஆள் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், பந்து வீசுபவன் ஓடி வருகிறான். அப்போது வானத்திலிருந்து நீளமான கட்டையொன்று மெதுவாக இறங்கி அவன் தலையில் உட்கார்ந்தது.

பூஸ்டர் தன் வேலையைச் செவ்வனே செய்திருந்தது. என் விளையாட்டைப் பலமாக்கி டீவிக்குக் கொடுத்ததோடு, நான் சேர்த்து முறுக்கிய வயர் வழியாகக் கூரைக்கும் அனுப்பிவிட்டது. படத்தை வாங்க வேண்டிய அன்டெனா, படத்தை வாரி வழங்கத் தொடங்கிவிட்டது. கேமின் அலையும் மெட்ச் வந்த அலையும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். எங்கள் ஒழுங்கையின் ஒவ்வொரு டீவியிலும் நான்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

எனக்கென்ன தெரியும்? கூரைகளில் ஆட்கள் ஏறி அன்டெனாவைத் திருப்புகிற சத்தம் கேட்டது. குரங்கு என்று நினைத்தேன். யாரோ டீவியை அடிக்கிற சத்தம் கேட்டது. தேங்காய் உடைக்கிறார்கள் என்று நினைத்தேன். அதைவிட அதிசயம், நான் ஒரு கட்டையைப் பிழையாகப் போடும்போதெல்லாம் கீழிருந்து "ஆஆ..." என்று ஒரு பெருமூச்சு வந்தது. நாலு வரிசை ஒன்றாக மறைந்தபோது கைதட்டலே கேட்டது! மெட்ச்சுக்கு என்று நினைத்தேன். ஆனாலும் உற்சாகம் ஏறிவிட்டது. வாழ்க்கையில் அதுவரை தொடாத உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

கதவை இடித்துக்கொண்டு வந்தாள் பக்கத்து வீட்டு நசீமா. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

"அடியேய் ஸ்டெல்லா! நீயாடி இது?"

"எது?"

"எங்கட டீவில கட்ட கட்டயா விழுது! வாப்பா மூணு தரம் டீவிய அடிச்சாச்சி, ஒரு காலு ஒடஞ்சீக்கி!"

"வாப்பாவோட காலா?"

"டீவிட காலுடி!" அவள் கண் திரைக்குப் போனது. "அல்லாஹ்வே, இதே கட்டதான்! ஏய், அந்த நீட்டக் கட்டய எடது பக்கம் போடு, போடு! அங்க ஓட்ட ஈக்கி!"

அவள் சொன்னது சரி. போட்டேன். நாலு வரிசை மறைந்தது. கீழே மறுபடி கைதட்டல். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. கீழே காதைக் கொடுத்தபடி அடுத்த கட்டையைக் குறுக்கே போட்டேன். ஒழுங்கை முழுவதும் "ஆஆ..." என்றது.

நான் சுவிட்சை அணைப்பதற்குள் வாசலில் ஜீப் நின்றுவிட்டது. யாரோ பாலத்துக்குப் பக்கத்துச் சோதனைச் சாவடிக்கு ஓடிப்போய், 'தமிழ் வீட்டுக் கூரையிலிருந்து ஏதோ சிக்னல் போகிறது' என்று சொல்லியிருக்கிறார்கள். சொல்லப்போனால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சார்ஜன்ட் ஒருவரும் தோளில் துவக்கோடு இரண்டு பொலிஸ்காரர்களும் மாடியேறி வந்தார்கள். அப்பா கதவோரம் நின்றார். அவர் சார்ஜன்ட்டைப் பார்க்கவில்லை. சார்ஜன்ட்டுக்குப் பின்னால் படியில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த ஏக்கநாயக்க மாத்தயாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டை எங்கே தேடுவது என்று அவர் அந்த நிமிடமே யோசிக்கத் தொடங்கிவிட்டது எனக்குத் தெரிந்தது. அதுவரை சிரிப்பாக இருந்தது எனக்கு அங்கேதான் நின்றது.

"மொக்கத மே?" என்று சார்ஜன்ட் பாயில் கிடந்த பெட்டியைக் காட்டிக் கேட்டார். என்ன இது என்று அர்த்தம். நான் எழுந்து நின்று, பதற்றத்தில் பௌதிகவியல் முழுவதையும் சிங்களத்தில் விளக்கினேன். பூஸ்டர், அலை, அதிர்வெண். ஒவ்வொரு சொல்லும் என்னை இன்னும் கொஞ்சம் ஆபத்தானவளாக்கியது.

"போட்டுக் காட்டு" என்றார்.

போட்டேன். கட்டைகள் விழுந்தன. சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். ஆங்கில எல் எழுத்து மாதிரி ஒன்று விழுந்தது. டி மாதிரி ஒன்று விழுந்தது. அடுத்ததும் டி. அவர் நெற்றி சுருங்கியது. "இந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?" என்றார். பின்னால் அப்பா "சேசுவே" என்றது கேட்டது. (அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவர் ஈ எழுத்து மாதிரி ஒரு கட்டை செய்து வைக்கவில்லை.)

அப்போதுதான் ஏக்கநாயக்க மாத்தயா துவக்குகளை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எழுத்தா? என்ன எழுத்து?" என்று சார்ஜன்ட்டிடம் சிங்களத்தில் சீறினார். "அரை மணித்தியாலமாக நான் மெட்ச்சை விட்டுவிட்டு இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை! நாலு சதுரத்தை எத்தனை விதமாக ஒட்டலாம் என்பதுதான் அது. கணிதம். ரகசியச் செய்தி அனுப்புகிறவன் இப்படியா இடது பக்கம் ஓட்டையை விட்டுக்கொண்டே போவான்?"

பிறகு என் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் தொடங்கினார்.

"நீ ஏன் அந்தக் கட்டை குறுக்கே வெச்சது? நல்லா போனதுதானே? எல்லாம் நல்லா போனது! கடைசில ஏன் அப்பிடி செஞ்சது?"

"நசீமா வந்துட்டா, மாத்தயா" என்றேன்.

"நா என்னடி செஞ்ச?" என்றாள் நசீமா.

சார்ஜன்ட் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். உட்கார்ந்து ஒரு கட்டையைத் தானும் திருப்பிப் பார்க்கப்போகிறார் என்று எதிர்பார்த்தேன், இல்லை. பூஸ்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டார். இனிக் கூரைக்கு எந்த வயரும் போகக் கூடாது என்றார். "இந்த வீட்டுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

அப்பா ஓரடி முன்னால் வந்தார். அவருக்கு முன்னால் ஏக்கநாயக்க மாத்தயா, "வீடு என்னுடையது. ஆட்களும் என்னுடைய ஆட்கள். நான் பொறுப்பு" என்றார். ஜீப் போய்விட்டது.

அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "மாத்தயா... கரைச்சல் வரக் கூடாதுன்னு சொன்னீங்க..."

"சொன்னதுதான்" என்றார் அவர். பாயில் கிடந்த கேமைக் காட்டினார். "நாளைக்கி இந்தப் பெட்டி கீழ கொண்டு வாங்க. என்னோட டீவிக்கு நேரா போடுங்க. அந்த ஓட்டை எப்பிடி அடைக்கிறதுன்னு நான் காட்டுறது."

மெட்ச்சில் இலங்கை வென்றது. (தோற்றிருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு ஊரிலிருந்துதான் எழுதியிருப்பேன்.)

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் அந்தப் பெட்டி கீழேதான். கணித ஆசிரியர் கடைசிவரைக்கும் என் உயரத்தைத் தொடவில்லை என்பதை இங்கே அடக்கத்தோடு பதிவு செய்கிறேன். பௌதிகவியலில் எனக்கு சீ வந்தது. அதையும் ஒழுங்கையே எதிர்பார்த்திருந்தது. ஆனாலும் எனக்கு வெட்கம் என்பது அன்று ராத்திரியோடு போய்விட்டது. மிச்சம் இருப்பதெல்லாம் பெருமைதான். சிங்களமும் இல்லாமல் தமிழும் இல்லாமல் ஓர் ஒழுங்கையே சேர்ந்து பார்த்துக் கைதட்டிய ஒரு நிகழ்ச்சியைக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒளிபரப்பியவள் என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்? இன்றைக்கும் எங்கே டீவி புள்ளி புள்ளியாகப் போனாலும் அப்பா என் வேலையிடத்துக்குப் போன் எடுப்பார். ஹலோகூடச் சொல்ல மாட்டார். "நீயா?" என்று மட்டும் கேட்பார். மழைக்குக் கரண்ட் போனாலும் அதே கேள்விதான். இந்த யுத்தத்துக்கு மட்டும் இன்னும் என்னிடம் "நீயா?" என்று கேட்கவில்லை.

வேலையிடம் என்றால், கண்டி டவுனில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு. அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு மிச்ச நேரத்தில் நானே ஒரு விளையாட்டுச் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு பெண் சந்தி பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு, ஊரடங்கு தொடங்குவதற்கு முன் ஒழுங்கைக்குத் திரும்பி வந்து சேர வேண்டும். வழியில் தடுப்புகள், நாய்கள், நின்றால் விடாமல் கதை கேட்கும் அயலவர்கள். நசீமா படங்கள் வரைகிறாள். ஏக்கநாயக்க மாத்தயா தன்னையும் உள்ளே போடச் சொல்கிறார்; போட்டால் வாசலில் நிறுத்திக் கணிதம் சொல்லிக்கொடுப்பார், யாரும் வீட்டுக்குள் நுழையவே முடியாது. இப்போதைக்கு உள்ள ஒரே குறை, அந்தப் பெண் சுவர்களைத் தாண்டி நேராக மஹாவலி கங்கைக்குள் நடந்துவிடுகிறாள், பாணோடு. அடுத்த கிழமைக்குள் முதல் சுவரிலாவது அவளை நிறுத்திவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கீழ்மாடி டீவியில் முதல் ஆட்டம். அப்பா சம்மதித்துவிட்டார். ஆட்டம் முடியும் வரைக்கும் தான் கூரையில், அன்டெனாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பாராம்.