லிஃப்டை நிறுத்திய கட்டுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நான்காம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தணிக்கையாளன் மூச்சு வாங்கிக்கொண்டே எழுதும் வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க விரும்புகிறேன். இங்கே நலமில்லை. அதற்குப் பாதிக் காரணம் தாங்கள்.

லிஃப்டை விட்டுப் படியேறச் சொல்லி நான் அனுப்பிய கருத்துக் கட்டுரை தங்களுக்கு நினைவிருக்கும். அதன் கடைசியில், "முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் லிஃப்ட் ஓடட்டும்" என்று ஒரு வரி இருந்தது. அது என் மனைவி பக்கத்தில் நின்று எழுத வைத்த வரி. தாங்களோ தொலைபேசியில், "கருத்துக் கட்டுரைன்னா ஒரே பக்கம் நிக்கணும் சார், கொஞ்சம் இளகினாலும் வாசகர் நழுவிடுவார்" என்று சொல்லி அதை அடித்துவிட்டு, "படியில் ஏறுபவன் பாரையே ஆள்வான், பெட்டியில் ஏறுபவன் பாயில்தான் விழுவான்!" என்று சேர்த்தீர்கள். அச்சில் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் நான் எழுதிய ஆட்சேபணைக் குறிப்பை ஒருவரும் மதித்ததில்லை. இதையும் மதிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் சும்மா இருந்துவிட்டேன்.

மதித்துத் தொலைத்தார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் அதைக் குரல் தழுதழுக்கப் படித்தார். தரைத்தளத்துக்காரர்தான் அதிகமாகக் கை தட்டினார். லிஃப்டை நிறுத்த ஏகமனதாகத் தீர்மானம். கைதட்டல் வேகத்தில் நானும் கையைத் தூக்கிவிட்டேன். மறுநாள் தண்ணீர் கேன் போடுபவர் கேனை வாசலிலேயே இறக்கி, "உங்க கட்டுரையப் படிச்சேன் சார், கண்ணைத் தொறந்துட்டீங்க. நீங்களே தூக்கிட்டுப் போங்க, உடம்புக்கு நல்லது" என்றார். நாங்கள் வாங்கிய புது அலமாரி இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. இப்போது அந்த மாடிக்காரர் தன் சட்டைகளை அதில் மாட்டி வைத்திருக்கிறார், கேட்டால் இடம் வீணாகக் கூடாதாம். என் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் அந்தப் பாரையும் பாயையும் உரக்கச் சொல்லியபடி சில நாள் ஏறினாள். பிறகு பெட்டியோடு, பக்கத்துத் தெருவில் படியே இல்லாத தரைத்தளத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போன் செய்தால் மகள்தான் எடுக்கிறாள். "அம்மா நல்லாத்தான் இருக்காங்கப்பா. உங்ககிட்டப் பேச மாட்டாங்களாம். வேணும்னா கட்டுரையா எழுதி அனுப்பச் சொல்றாங்க."

எழுதினேன் ஐயா! லிஃப்டுக்கு ஆதரவாக ஒரு மறுப்புக் கட்டுரை எழுதிச் சங்கத்தில் படித்தேன். "வாதம் சரிதான் சார், ஆனா பழைய கட்டுரையில இருந்த நடை இதுல இல்லையே" என்றார் செயலாளர். தரைத்தளத்துக்காரர் எழுந்து பழையதை மறுபடி படித்தார். பாதியில் பார்த்தால் நானும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே இத்துடன் வைத்துள்ள மறுப்பைத் தாங்கள் உடனே வெளியிட வேண்டும். என்ன அலங்காரம் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்காலை மட்டும் அடித்துவிடாதீர்கள். நான் எழுதுவதைக் குறை சொல்ல வீட்டில் ஆளில்லை. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவள் திரும்பி வர வேண்டும்.

தங்கள் பத்திரிகை பல்லாண்டு ஓங்கி வளரட்டும், தங்கள் மூட்டுகள் எந்நாளும் வலியறியாதிருக்கட்டும் என்று வாழ்த்தும்,
நான்காம் மாடிக்காரன்.

பின்குறிப்பு: மறுப்பைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். இதைத் தபாலில் சேர்க்கக் கீழே இறங்கினால், வாசலில் பெட்டியோடு என் மனைவி. அவளே செயலாளருக்குப் போன் போட்டு, "கால் வலிக்குது. நான் மேல வரணும். லிஃப்டைப் போடுங்க" என்றாளாம். போட்டுவிட்டார். இருவரும் ஏறினோம். ஓடாமல் கிடந்த லிஃப்ட் அல்லவா, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றுவிட்டது. அவள் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள். நான் சுவரில் தாளை வைத்து எழுதுகிறேன். "எழுதறதுதான் எழுதறீங்க, அந்தப் பழைய கட்டுரையவே இன்னொரு தடவை போடச் சொல்லுங்க" என்கிறாள். அப்படியே செய்யவும். மெக்கானிக் வர நேரமாகும் என்று செயலாளர் வெளியிலிருந்து கத்துகிறார். அவள் என்னை விடாமல் திட்டிக்கொண்டிருக்கிறாள். அவசரமில்லை, மெதுவாக வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.