மாப்பிள்ளையின் காரும் படுத்தபடி போகும் பயணியும்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். கடல் தாண்டி இருக்கும் நீங்களும் எங்கள் மகளும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை குறைவாகப் போட்டு, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் காரின் சௌக்கியத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும். "மாப்பிள்ளை மனசு கோணாம எழுதுங்க" என்று உங்கள் அத்தை என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பதால், கோணலான இடங்களில் எல்லாம் மரியாதையைக் கூட்டிப் போட்டிருக்கிறேன்.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது உங்கள் மாநிலத்திலிருந்து காரை ஓட்டிவந்து எங்கள் வாசலில் நிறுத்தி, "ரெண்டே மாசம் மாமா. சும்மா நிக்கிற வண்டி சோறா கேக்கப் போகுது?" என்றீர்கள். அந்த இரண்டு மாதம் இன்னும் முடிந்தபாடில்லை. மழைக்காலம்தான் இரண்டு முறை வந்து போய்விட்டது. வண்டி சோறு கேட்கவில்லை, உண்மைதான். மற்ற எல்லாவற்றையும் கேட்டது. பேட்டரி கேட்டது, டயர் கேட்டது, எலி கடித்த ஒயருக்குப் பதில் புது ஒயர் கேட்டது. நான் பல் செட்டு செய்கிற அறையின் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றதில் அறையில் வெளிச்சம் போய், ஒரு அம்மாவுக்கு மேல்வரிசை வெள்ளையும் கீழ்வரிசை மஞ்சளுமாகப் பல் அமைந்துவிட்டது. அந்த அம்மா இப்போது பாதிச் சிரிப்புத்தான் சிரிக்கிறார். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் எதைத்தான் குறையாகச் சொல்ல முடியும்?

வாரம் ஒரு தடவையாவது ஓட்டாவிட்டால் எஞ்சின் படுத்துவிடும் என்று மெக்கானிக் பயமுறுத்தியதால், ஞாயிறுதோறும் காய்கறி வாங்க அதில் போய்வந்தேன். அப்படிப் போன ஒரு நாள் முச்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். "எந்த ஊரு வண்டி?" என்றார். "மாப்பிள்ளை வண்டிங்க" என்றேன். "மாப்பிள்ளை யாருன்னு நான் கேக்கல. நம்பர் பிளேட்டு வெளி மாநிலமா இருக்கே, எவ்வளவு நாளா இங்க நிக்குது?" என்றார். உங்கள் காரை நான் எவ்வளவு பொறுப்பாகக் காத்து வருகிறேன் என்று நாலு பேருக்குத் தெரியட்டுமே என்ற பெருமையில், "அது ஆச்சுங்க, ரெண்டு வருஷத்துக்குக் கிட்ட" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அவர் மகிழ்ச்சியோடு சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். வெளி மாநிலத்து வண்டி வருஷத்துக்கு மேல் தங்கினால் இங்கேதான் பதிய வேண்டுமாம், காப்பீடும் இங்கத்து விலாசத்துக்கு மாற வேண்டுமாம், மாசக் கடைசிக்குள் இரண்டும் நடக்காவிட்டால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் மைதானத்தில் போட்டுவிடுவார்களாம். அந்த மைதானத்தை நான் பார்த்திருக்கிறேன். அங்கே நிற்கும் கார்களுக்குள் செடி முளைத்து, கண்ணாடி வழியே கிளை நீட்டியிருக்கிறது. மகளிடம் எந்த முகத்தோடு சொல்வேன் என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே போனேன். காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு பெண்மணி, மிகவும் தன்மையானவர், "வண்டி ராத்திரியில எங்க தூங்குது சார்?" என்று கேட்டார். "எங்க வீட்டு வாசல்ல." "அப்ப விலாசம் மாத்தணும். இந்த மாநிலத்துப் பதிவைக் கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்." பதிவு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இந்த விலாசத்துல இன்சூரன்ஸ் இருக்கா? கொண்டு வாங்க, பதிஞ்சு தர்றேன்" என்றார். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. நடுவில் உங்கள் பழைய மாநிலத்திலிருந்து தடையில்லாச் சான்று வேறு வரவேண்டியிருந்தது. அந்தக் காகிதம் வந்து சேர்வதற்குள் எனக்குத் தாடி முளைத்தது. உங்கள் அத்தை, "நம்ம பொண்ணைக் கட்டிக் குடுக்கும்போதுகூட மாப்பிள்ளையப் பத்தி நாம இவ்வளவு விசாரிக்கலியேங்க" என்றாள். அப்போதே விசாரித்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. நினைக்கக்கூட இல்லை.

கடைசியில் குமாஸ்தாவே மனமிரங்கி, முதலில் ஆய்வாளர் வண்டியைப் பார்க்கட்டும், அவர் கொடுக்கும் சீட்டை வைத்துக் காப்பீடு வாங்கலாம், அதை வைத்துப் பதிவை முடிக்கலாம் என்று வழி சொன்னார். ஆய்வாளர் வந்தார். ஆள் ஆறடி, மீசை இரண்டு பக்கமும் அரையடி. காரின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு, சேசிஸ் நம்பரை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்ல, குமாஸ்தா குடைக்குக் கீழே நின்று எழுதிக்கொண்டார். சீட்டு வந்தது. காப்பீட்டுப் பெண்மணி அந்த நம்பரைக் கணினியில் தட்டினார். காப்பீடும் வந்தது. வெற்றி என்று வீட்டுக்கு வந்து உங்கள் அத்தையிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தாள்: "வாகன வகை, அமரர் ஊர்தி. பயணிகள், ஓட்டுநர் உட்பட நால்வர். படுத்த நிலையில் ஒருவர்."

அப்புறம் வீட்டில் நடந்ததை எழுதினால் நீங்கள் வருத்தப்படுவீர்கள். "என் பொண்ணு ஏறப்போற வண்டிய பொண வண்டின்னு எழுதி வாங்கிட்டு வந்திருக்கீங்களே, நீங்கள்லாம் ஒரு மனுஷனா?" என்பதுதான் அதில் இருந்த கௌரவமான வாக்கியம்.

போதாக்குறைக்குக் காப்பீட்டு அலுவலகம் அமரர் ஊர்தி வைத்திருப்போர் பட்டியலில் என் தொலைபேசி எண்ணைச் சேர்த்து யார் யாருக்கோ கொடுத்துவிட்டது. அழைப்புகள் வர ஆரம்பித்தன. "குளிர்பெட்டி உண்டா?" என்பார் ஒருவர். "பூ அலங்காரம் நீங்களா, நாங்களா?" என்பார் இன்னொருவர். ஒரு கிழவர், "இப்ப ஒண்ணும் அவசரமில்ல தம்பி, நம்பர் சரியான்னு பாத்தேன்" என்றார். எல்லோரையும் சிரித்து அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு நாள் காலையில் ஒரு மனிதர் பேசினார். அப்பா போய்விட்டார், எங்கேயும் வண்டி கிடைக்கவில்லை என்று சொல்லும்போதே உடைந்துவிட்டார். ராங் நம்பர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மாப்பிள்ளை. என்னிடம் பல் கட்டிக்கொண்ட ஒரு வேன்காரரைக் கூப்பிட்டுப் பின் இருக்கைகளைக் கழற்றச் சொல்லி, உங்கள் காரை எடுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். அந்த வீட்டுப் பெண்கள் உங்கள் காரில்தான் வந்தார்கள். திரும்பும்போது அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உங்கள் அத்தையிடம் சொன்னேன். அவள் வைவாள் என்று பார்த்தால், நான் குளிக்க வெந்நீர் எடுத்து வைத்தாள்.

ஆனாலும் இப்படியே விட்டுவிட முடியுமா? பதிவு அலுவலகத்துக்குப் போய், சேசிஸ் நம்பரில் 'ஒன்று' இருக்க வேண்டிய இடத்தில் 'மூன்று' விழுந்து, அது வேறு யாருடைய அமரர் ஊர்தியின் நம்பராகவோ ஆகிவிட்டது என்றேன். ஆய்வாளருக்குக் கோபம் வந்துவிட்டது. தன்னிடமா தப்பு, இப்போதே மறுபடி பார்த்துவிடலாம் என்று வந்து மூடியைத் திறந்து உரக்கப் படித்தார். குமாஸ்தா எழுதினார். மறுபடியும் மூன்று! "நான் மொண்ணுன்னுதானேய்யா சொன்னேன்!" என்று ஆய்வாளர் கத்தினார். "அதான் சார், மூணுன்னு எழுதியிருக்கேன்" என்றார் குமாஸ்தா. "மூணில்லய்யா, மொண்ணு!"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அவர் பல சொற்களுக்கு முன்னால் உதட்டை அழுத்தி மூடுகிறார். மேல் பல் செட்டு லூஸாகி விழப் பார்க்கிறது, உதட்டால் முட்டுக்கொடுத்து நிறுத்துகிறார். அதனால் அவர் வாயில் 'ஒண்ணு' எல்லாம் 'மொண்ணு'தான். பக்கத்தில் போய்க் காதோடு, "சார், பல்லைக் கழட்டிக் குடுங்க" என்றேன். ஆறடி மனிதர் அப்படியே சிவந்துபோனார். அடித்துவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "மீட்டுக்கு மந்தா மாருக்கும் தெரியாதுல்ல?" என்றார். வீட்டுக்கு வந்தால் யாருக்கும் தெரியாது என்று நான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

பின்வாசல் வழியாக வந்தார். அச்சு எடுத்து, செட்டின் உள்பக்கம் புது அடுக்கு வைத்து, தேய்த்து மாட்டினேன். கண்ணாடி முன்னால் நின்று, "ஒண்ணு" என்றார். நம்பாமல் மறுபடி, "ஒண்ணு!" என்றார். பிறகு என் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே, "ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு" என்று சொல்லிச் சிரித்தார். "என் பேத்தி நான் பேசினா சிரிக்கிறான்னு போன்லயே பேசறதில்லைங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. நம்பர் அன்றே திருத்தப்பட்டது. காப்பீடு அமரர் நிலையிலிருந்து உயிர்த்தெழுந்து காராகிவிட்டது. புது நம்பர் பிளேட்டும் மாட்டியாகிவிட்டது. பதிவுப் புத்தகம் மட்டும் தபாலில் வர வேண்டும்.

ஆகவே, மாப்பிள்ளை அவர்களே, நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்பது ஒன்றுதான். அடுத்த விடுமுறைக்கு வரும்போது உங்கள் காரைத் தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். விற்பீர்களோ, கடலில் தள்ளுவீர்களோ, அது உங்கள் சொத்து. எனக்கு ஜன்னல் வேண்டும்.

நீங்களும் மகளும் நோய்நொடி இல்லாமல், எல்லாப் பல்லோடும் நூறாண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். சேசிஸ் நம்பர் சரி. நிறம் சரி. விலாசம் சரி. உரிமையாளர் என்கிற இடத்தில் என் பெயரும், வண்டியைப் பாதுகாப்பில் வைத்திருப்பவர் என்கிற இடத்தில் உங்கள் பெயரும் மாறி விழுந்திருக்கின்றன. போனில் கேட்டேன், திருத்த வேண்டுமானால் தடையில்லாச் சான்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்கிறார் குமாஸ்தா. நான் ஆரம்பிக்கப் போவதில்லை. எனவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். மாப்பிள்ளைக்குக் கார் கொடுத்த மாமனார்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. மாமனாருக்குக் கார் கொடுத்த மாப்பிள்ளை எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். உங்கள் அத்தைக்கும் பரம சந்தோஷம், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள், ரெண்டு நாள் ஓட்டிக்கொள்ளத் தருகிறேன். பெட்ரோல் மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.