காதில் வைத்த ஸ்க்ரூ டிரைவர்

எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. இந்த ரகசியத்தைக் காதும் காதும் வைத்த மாதிரி இன்னும் நான்கு வருஷம் காப்பாற்றிவிட்டு, கௌரவமாக ஓய்வு பெற்றுவிடுவது என்று தீர்மானம் செய்திருந்தேன்.

மற்றவர்களுக்கென்றால் பரவாயில்லை. என் பிழைப்பே காதில்தான் இருக்கிறது. வீடுகளில் கழித்துப்போட்ட வாஷிங் மெஷின் மோட்டார்கள் எங்கள் தொழிற்சாலைக்கு வரும். என் மேஜையில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியை மோட்டார் மேலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்பேன். சீராக ஓடினால், சுத்தம் செய்து அப்படியே இன்னொரு மெஷினில் மாட்டலாம். கரகரத்தால் பிரித்து பேரிங் மாற்ற வேண்டும். உள்ளே உரசினால் காயலான் கடைதான். இருபத்தாறு வருஷமாக நான் சொன்னால் சொன்னதுதான்.

சமீபகாலமாக எல்லா மோட்டாரும் எனக்கு ரொம்பச் சீராக ஓடின. அடடா, ஜனங்கள் பொருளை எவ்வளவு பதமாக வைத்துக்கொள்கிறார்கள் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். வீட்டில் குக்கர் விசிலும் கேட்காமல் போன பிறகுதான் கோளாறு என் காதில் என்று புரிந்தது.

வீட்டில் சமாளிக்க ஒரே உபாயம்தான். மனைவி எதைச் சொன்னாலும் "சரி" என்று தலையாட்டிவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்தே அந்தப் பழக்கம் உண்டு என்பதால் அவளுக்கு வித்தியாசம் தெரியாது என்று நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பின்கட்டிலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"என்னங்க, மெஷின் என்னமோ சத்தம் போடுது. கேட்டுச் சொல்லுங்க" என்றாள் காதோரம் வந்து, உரக்க.

என் தொழிலிலேயே என்னை மாட்டிவிடுகிறாளே! ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மெஷினின் முதுகில் ஊன்றினேன். பிடியைக் காதில் வைத்தேன். நிபுணனுக்கு அழகாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பேரிங்தான்."

"அப்படியா?"

"பின்பக்க பேரிங். லேசா கரகரங்குது. பயப்படாத, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்."

"நல்லாக் கேக்குதா?"

"கேக்குதாவா? இருபத்தாறு வருஷ சர்வீஸும்மா! மோட்டார் என்கிட்ட வாய்விட்டுப் பேசுது."

"பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் ஆச்சு."

கண்ணைத் திறந்தேன். பிளக் அவள் கையில் தொங்கியது.

அசடு வழிந்தது. கோபம் வர வேண்டிய இடம்தான், ஆனால் அழுகை வந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் என் காதருகே குனிந்து நின்றாள்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"எங்க அம்மாவை ரெண்டு மாசம் கூட்டிட்டு வந்து வச்சுக்கலாமான்னு கேட்டேன். முகம் சுளிக்காம சரின்னீங்களே, அன்னிக்கே."

"வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்மா."

"அதுக்காக? நீங்க சரின்னு அனுப்பற மோட்டார் இன்னொரு வீட்டுக்குத்தானே போகுது? அங்க ஒருத்தி ஈரத்துணியும் கையுமா நிப்பாளே, அவளுக்கு என்ன பதில் சொல்வீங்க?"

பழையது ஒன்று மேஜைக்கு வந்தால், அதற்கு இன்னொரு வாழ்வு உண்டா என்று உள்ளபடி சொல்லத்தான் எனக்குச் சம்பளம். எந்த மோட்டாரும் தன் தேய்மானத்தை என்னிடம் மறைத்ததில்லை. நான்தான் ஊரெல்லாம் மறைத்துக்கொண்டு திரிந்தேன். வெட்கமாக இருந்தது.

துள்ளி எழுந்தேன். "நாளைக்குக் காலையில முதல் வேலையா மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். வர்றது வரட்டும்!"

"வேண்டாம். போன வாரமே அவருக்குப் போன் பண்ணிட்டேன்."

"என்னது!"

"உங்களைக் கேட்டுட்டுத்தான் பண்ணினேன். சரின்னு தலையாட்டினீங்க."

எனக்குத் தலை சுற்றியது. "என்ன சொன்னார்?"

"காது மிஷின் மாட்டிக்கிட்டு வரச் சொன்னார். மேஜை உங்களுக்குத்தானாம். நீங்க பாக்கற மோட்டாரை எல்லாம் பக்கத்து மேஜைக்காரம்மா மூணு மாசமா மறுபடி கேட்டுத்தான் அனுப்பறாங்களாம்."

"மூணு மாசமாவா! அந்த மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நாலு தடவை சொன்னாராம்."