பீரோவும் டப்பாவும் மாப்பிள்ளை வீட்டுத் தூணும்

அன்புமிக்க மாப்பிள்ளைக்கு, மாமா எழுதிக்கொண்டது.

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் அத்தை சௌக்கியம்; அவளிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. என் சௌக்கியத்தைக் கடிதம் முடிவதற்குள் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும், குறிப்பாக இந்தக் கடிதம் கைக்கு வரும் வரையிலாவது இருக்க வேண்டும். நின்றபடி படிக்கிறீர்கள் என்றால் மெதுவாக உட்காருங்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். என் குரலில் ஒரு சின்ன நடுக்கம் இருந்தாலும் என் மகள் கண்டுபிடித்துவிடுவாள், அடுத்த நிமிஷம் அவள் அம்மாவுக்குப் போன் போய்விடும். அதனால்தான் ஆபீஸ் டிரைவர் கையில் உங்கள் பல் ஆஸ்பத்திரி விலாசத்துக்கே கொடுத்தனுப்புகிறேன். அது ஒரே தளம், எங்கள் ஆபீஸ் கணக்குப் போடாத கட்டடம். அங்கே தைரியமாக உட்காரலாம்.

எங்கள் ஆபீஸ் வேலை உங்களுக்குத் தெரியும். கட்டடம் எழும்புவதற்கு முன்னால் தூண் எவ்வளவு தடிமன், கம்பி எத்தனை என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது. கணக்குக்குப் பொறுப்பு இன்ஜினியர்கள். விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், அது ஓடுகிற சர்வரைப் பார்த்துக்கொள்வதும் நான். ஆள் உயரத்துக்கு இரும்புச் சட்டத்துக்குள் நிற்பதால் ஆபீஸில் அதற்குப் பீரோ என்று பெயர். பன்னிரண்டு வருஷமாக நானும் அதுவும் ஒரே ஏசி ரூமில் இருக்கிறோம். என் கல்யாண நாளை நான் மறந்ததுண்டு, பீரோவுக்குத் தூசி தட்டும் நாளை மறந்ததில்லை. இப்படி இருக்கையில் செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளி ஒரு அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தார். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் காபி. அவ்வளவு சின்னது! "இது மேஜைல வைக்கிற சாதா கம்ப்யூட்டர்தான். ஆனா இதுல இருக்கிற புது ப்ராசஸர் உங்க பீரோவைத் தூக்கிச் சாப்பிட்டுடும்னு சொல்றாங்க. ரெண்டுலயும் ஒரே கணக்கை ஓட்டி நேரத்தை எழுதி வெள்ளிக்கிழமை குடுங்க. இது ஜெயிச்சா பீரோவை அனுப்பிட்டு இந்த ரூமை மீட்டிங் ரூம் ஆக்கிடலாம்" என்றார். "அப்ப நான் சார்?" என்று கேட்டேன். "நீங்களா?" என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே காபியைக் குடித்தார், யோசித்துக்கொண்டே வெளியே போய்விட்டார். அன்றைக்குப் போன தூக்கம் எனக்கு இன்னும் திரும்பவில்லை.

ஆனாலும் எனக்குப் பீரோ மேல் நம்பிக்கை இருந்தது மாப்பிள்ளை. பீரோவுக்குள் ரெண்டு ப்ராசஸர், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு கோர், ஆகமொத்தம் இருபத்துநாலு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிற மாதிரி. டப்பாவில் (அந்தப் புதுசுக்கு நான் வைத்த பெயர்) வெறும் எட்டுப் பேர். எட்டுப் பேர் இருபத்துநாலு பேரை எப்படி ஜெயிப்பார்கள் என்று நினைத்தேன். போதாததற்குப் பீரோவின் நினைவகம் சின்னத் தப்பு நேர்ந்தால் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் ஜாதி, டப்பாவின் நினைவகத்துக்கு அந்தப் பழக்கமே கிடையாது. எந்தக் கணக்கை ஓட்டலாம் என்று யோசித்தபோது, முடிந்துபோன பழைய கட்டடம் ஒன்றை எடுக்கச் சொன்னார்கள் இன்ஜினியர்கள். என் புத்தி பாருங்கள், நம்ம மாப்பிள்ளை குடியிருக்கிற கட்டடமாகவே இருக்கட்டும் என்று பெருமையாக உங்கள் கட்டடத்தை எடுத்தேன். பழைய ஃபைலை டப்பா திறக்க மாட்டேன் என்றது, அதனால் எல்லா விவரத்தையும் அதில் நானே புதிதாக டைப் பண்ணி ஏற்றினேன். பீரோவுக்கு நாற்பத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. டப்பாவைத் தட்டிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று போனேன், வருவதற்குள் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஒன்பதே நிமிஷம்! எட்டுப் பேரும் பேய் மாதிரி வேலை பார்த்திருக்கிறார்கள். உண்மையை உங்களிடம் மறைப்பானேன், டப்பாவின் காற்று ஓட்டையை ஒரு துண்டால் மூடிப் பார்த்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. அப்புறம் ரெண்டிலும் இருபது கணக்கை ஒரே நேரத்தில் ஏற்றினேன். அங்கேதான் பீரோவின் இருபத்துநாலு பேரும் எழுந்து கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றினார்கள். தோல்விதான், ஆனால் முகத்தில் முழிக்கிற மாதிரி தோல்வி.

இதோடு போயிருந்தால் எனக்கு ரூம் போகிற பயம் மட்டும்தான். நேற்று மத்தியானம் ரிப்போர்ட் எழுதும்போதுதான் ரெண்டு மெஷினின் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் கட்டடத்தின் கீழ்த் தூண் நானூற்றைம்பது மில்லிமீட்டர் அகலம் போதும் என்கிறது பீரோ. டப்பா ஐந்நூறு வேண்டும் என்கிறது. நடுவில் ஐம்பது, என் கட்டைவிரல் நீளம். டப்பாவின் நினைவகம் எங்கோ தடுமாறியிருக்கும் என்று சிரித்துக்கொண்டே மறுபடி ஓட்டினேன். ஐந்நூறு. இன்னொரு தடவை ஓட்டினேன், ஐந்நூறு. தடுமாறுகிறவன் தடவைக்கு ஒரு விடை சொல்ல வேண்டாமோ? மூணு தடவையும் ஒரே விடையை அடித்துச் சொல்கிறானே! அப்பத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. டப்பா சரின்னா பீரோ தப்பு. பீரோ தப்புன்னா பன்னிரண்டு வருஷமா இந்த ஆபீஸ் நிறுத்தின தூணெல்லாம் தப்பு. உங்க கட்டடம் நிக்கிறது நானூற்றைம்பதுல. அதுல நாலாவது மாடியில என் பொண்ணு துணி காயப்போட்டுட்டு இருக்கா. "பீரோ தப்பே பண்ணாது"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான், மாப்பிள்ளை. எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்குங்க.

ஆகையால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இன்றைக்கே மகளையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். கிளம்பும் வரைக்கும் பேத்தியைக் குதிக்க விடாதீர்கள், ஸ்கிப்பிங் கயிற்றை ஒளித்துவையுங்கள். வாஷிங் மெஷினைப் போட வேண்டாம், கடைசியில் அது ஆடுகிற ஆட்டம் எனக்குத் தெரியும். ஆறாவது மாடியில் ஓடுகிற மெஷினில் ஓடுவாரே ஒருவர், அவரிடம் நடந்தால் போதும் என்று பக்குவமாகச் சொல்லுங்கள், காரணம் சொல்லாதீர்கள். கீழே வண்டி நிறுத்துமிடத்துத் தூணை ஒரு டேப் வைத்து அளந்துகொண்டு வாருங்கள், ஆனால் சாய்ந்துகொண்டு அளக்காதீர்கள். மகளிடம் அப்பாவுக்கு உங்களையெல்லாம் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. நான் உங்கள் அத்தையிடம் காலையில் கிளம்பும்போது, "பொண்ணு வந்தாலும் வருவா, முன்ரூமை ஒழிச்சு வை" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். முதலாளியிடம் சாயந்திரம் சொல்லத்தான் வேண்டும். ரூம் போனால் போகட்டும், வேலை போனாலும் போகட்டும். நீங்கள் மூன்று பேரும் என் கண்ணெதிரே தரைத்தளத்தில் இருந்தால் போதும்.

மூவரும் நூறு வயசு நன்றாக வாழ வேண்டும், முடிந்தவரை தாழ்வான இடத்தில்.

இப்படிக்கு,
உங்கள் நலனைத் தவிர வேறு நினைப்பில்லாத மாமா

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி உறையில் போட்ட பிறகு மனசு தாங்காமல், கணக்குகளைச் சரிபார்க்கிற இன்ஜினியர் அம்மாவிடம் ரெண்டு தாளையும் காட்டினேன். அவர் மூடிய பேனாவைத் திறக்கக்கூட இல்லை. "சார், பீரோல இருக்கிறது பழைய சாஃப்ட்வேர், மொத்தம் எத்தனை தளம்னு கேக்கும். புதுசு தரைத்தளத்தைத் தானே சேர்த்துக்கும், அதுக்கு மேல எத்தனைன்னுதான் கேக்கும். நீங்க ரெண்டுலயும் ஏழுன்னு போட்டிருக்கீங்க. உங்க பொண்ணு வீட்டு மேல நீங்களே ஒரு மாடி கட்டிட்டீங்க" என்றார். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் கை தானாக ஏழு போட்டிருக்கிறது. ஆறு என்று மாற்றி ஓட்டினேன், டப்பாவும் நானூற்றைம்பது என்றது, அதையும் ஒன்பது நிமிஷத்துக்குள். "ரெண்டு மெஷினும் சரிதான் சார், நடுவுல நீங்கதான்" என்று அந்த அம்மா சிரித்தார். பீரோவுக்குக்கூடத் தப்பைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு இல்லை. முதலாளி இதைக் கேட்டுவிட்டு, பழைய ஃபைல்களுக்காகப் பீரோ வராந்தா மூலையில் இருக்கட்டும், என் நாற்காலி அந்த அம்மா மேஜைக்கு எதிரில் இருக்கட்டும் என்று முடிவு பண்ணிவிட்டார்.

கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் அத்தை போன் பண்ணினாள். "திரையெல்லாம் துவைச்சுப் போட்டாச்சு. குழந்தை உருண்டு விழாம இருக்கக் கட்டிலைச் சுவரோரமா நானே தள்ளிட்டேன். எத்தனை மணிக்கு வர்றாங்க? அவங்க இங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சுங்க" என்றாள். நான், "கிளம்பிட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை, உங்கள் கட்டடம் விழாது. ஆனால் நீங்கள் வரவில்லை என்று உங்கள் அத்தையிடம் சொல்லத்தான் எனக்குத் தைரியம் இல்லை. மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடுங்கள். இன்றைக்கே கிளம்பி வரச் சொன்ன அந்த ஒரு வரி மட்டும் இருக்கட்டும்.